மின்னழுத்தத்தினாற் காந்தத்தை ஆளுதல்

மின்னோட்டஞ் செல்லுங் கம்பியின் அருகே திசையறிகருவியின் ஊசி விலகுவதை 1820 ஆம் ஆண்டிலே தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்தெட் கண்டார். அன்றுதொட்டுக் காந்தத்தை மின்னால் ஆள விரும்பியோர் பெரும்பாலும் நாடியது மின்னோட்டத்தையே. ஓட்டம் உள்ளவிடத்து வெப்பமும் உண்டு. கணினியின் காந்த நினைவகத்தில் எண்ணிறந்த நுண்காந்தங்களைப் புரட்டுங்கால் இவ்விழப்புச் சிறிதன்று. ஓட்டமின்றி, மின்னழுத்தத்தை மட்டும் பிரயோகித்து அவற்றைப் புரட்டலாகாதா?

இரும்பில் அது கைகூடாமைக்குக் காரணம் உண்டு. உலோகத்திற் சுயாதீன இலத்திரன்கள் மலிந்திருத்தலின், வெளியிலிருந்து வரும் மின்மண்டலத்தை அவை மேற்பரப்பிலேயே மறைத்துவிடுகின்றன. ஓரிரு அணுத் தூரத்துக்கப்பால் அது புகுவதில்லை. எனவே மேற்பரப்பையன்றி வேறு உட்பகுதியே இல்லாத காந்தம் வேண்டும். குறைகடத்திகளில் இதற்கு முன்னோடி உண்டு: 2000 ஆம் ஆண்டிற் சப்பானிய அறிஞர் இந்தியம் மங்கனீசு ஆசனைட்டிலே இவ்வாட்சியை ஓரளவு காட்டினர்.

இலத்திரன் ஒவ்வொன்றும் பம்பரம் போன்றதொரு கறங்கலை உடையது. கறங்கல்கள் ஒருதிசைப்படுமிடத்துக் காந்தம் தோன்றும். குரோமிய மூவயடைட்டு என்னும் பளிங்கு, அடுக்கிய வெற்றிலைபோலப் படலம் படலமாய் அமைந்தது. படலத்தினுள் அணுக்கள் இறுகப் பிணைந்துள்ளன. படலங்களிடையே பிணைப்பு நொய்து. ஆதலின் ஒட்டுநாடாவினாலேயே அதனை உரிக்கலாம். சியாட்டிலிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்துச் சியாடொங் சூவும், மாசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்து யாரியோ எறேரோவும் தம் குழுவினருடன், தனிப்படலமும் காந்தமாயிருத்தலை 2017 இல் வெளியிட்டனர். இத்துணை நுண்ணிய துணுக்கின் காந்தத்தை எவ்வாறு அளப்பது? காந்தமேற்பரப்பிலே தெறிக்கும் முனைவாக்கிய ஒளியின் தளம் சிறிது திரும்பும் என்று 1877 இல் ஸ்கொத்லாந்து அறிஞர் கேர் கண்டிருந்தார். அப்பழைய விளைவே இங்குக் கைகொடுத்தது.

இருபடலத் துணுக்கிலேதான் புதுமை உளது. மேற்படலத்தின் காந்தம் மேல்நோக்கின், கீழ்ப்படலத்தினது கீழ்நோக்கும். ஒன்றையொன்று நீக்குதலாற் புறத்தே காந்தமில்லை. இச்சமநிலை மிக நொய்து, ஏறக்குறைய 0.65 தெசுலா காந்தமண்டலம் இரண்டையும் ஒருதிசைப்படுத்தும். 2018 இல் சூவின் குழுவினரும், ஜியே சானும் கின் பாய் மாக்கும் நடாத்திய குழுவினரும், அத்துணுக்கைக் காவலியாகிய போரன் நைத்திரைட்டுத் தகடுகளிடையே வைத்து, வெளியே மின்வாய்களை அமைத்தனர். ஒடுக்கியிற்போல மின்னேற்றம் ஏறுமேயன்றித் தொடர்ந்த ஓட்டம் இல்லை. மாறுநிலையை அண்மிய காந்தமண்டலத்தில், மின்னழுத்தம் மட்டுமே காந்தநிலையை மாற்றிற்று. சதுர சதமமீற்றருக்கு ஏறக்குறைய 2.5 × 10¹³ இலத்திரன்களுக்கு மேல் ஏற்றியபோது, புறக் காந்தமண்டலமின்றியே இருபடலமும் ஒருதிசைப்பட்டன.

இது கருவி அன்று. கருவிக்குரிய தத்துவம் மாத்திரமே. தனிப்படலம் காந்தமாயிருப்பது 45 கெல்வின் வரையில்தான். அஃதாவது பூச்சியத்துக்குக் கீழ் 228 பாகை சதமவளவு. ஈரக்காற்றுப் பட்டாலோ பதார்த்தம் விரைவிற் கெட்டுவிடும். அதே 2018 இற் சீனத்துப் பூடான் பல்கலைக்கழகத்தார், இரும்பு செர்மானியம் தெலூரைட்டின் மெல்லிய தகட்டில் இலிதிய அயன்களை மின்னழுத்தத்தாற் புகுத்தி, அறைவெப்பநிலையிலும் காந்தத்தை நிலைக்கச் செய்தனர். வெப்பநிலைத் தடை அவ்வாறு நீங்கினும், அயன்கள் இலத்திரன்போல் விரைந்தோடுவன அல்ல. கணந்தோறும் எழுதியழிக்கும் நினைவகத்துக்கு அவற்றின் நடை மந்தமானது. இலத்திரனை மட்டும் ஏற்றி அறைவெப்பநிலையிலே புரட்டத்தக்க படலத்தையே ஆய்வாளர் தேடுகின்றனர்.