பொதுச் சூளை கண்ட ஊருக்குப் பொதுத் தொட்டில்

ஆவணி பிறந்துவிட்டால் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வேலை நெருக்கும். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல்விளக்கு என்று ஆர்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் மீதியை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்துக் காயவைத்து, பொம்மையின் இரு பக்கமும் ஓடும் ஒட்டுத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்கள் கைபடும் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால் எழுந்து போகும் ஒவ்வொரு பத்து நிமிடமும் காசு. இதே நாட்களில்தான் காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார்கள். அம்மாவுக்கு வேலை உச்சத்தில் இருக்கும்போது பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு ஊரில் பொதுவான பதில் இல்லை. சில பிள்ளைகள் பாட்டியிடம், சில தெருவில், சில பட்டறையின் ஓரத்திலேயே. குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் நினைத்துக்கொள்கிறோம். என் கணக்கில் அது இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. இதைத் தனியொரு குடும்பமோ தனியொரு துறையோ அடைத்துவிட முடியாது.

சட்டத்துக்கும் குழுவுக்கும் பஞ்சமில்லை. 2012இல் போக்சோ, 2015இல் இளைஞர் நீதிச் சட்டம், மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு, 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண் 1098 என எல்லாம் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டப்படி கிராமத்திலும் நகராட்சி வார்டிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும். ஆனால் 2014இல் பக்கத்துத் திட்டக்குடியில் இரண்டு பள்ளி மாணவியர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள். அந்த வழக்கில் 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. தண்டனை கிடைத்தது நல்லதே. ஆனால் ஒரு குற்றத்தில் இத்தனை பேர் சம்பந்தப்பட்டிருந்தால், அவர்களைச் சுற்றியிருந்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கும்? உறுத்தியதைக் கொண்டுபோய்ச் சொல்ல, பழகிய முகம் ஒன்று வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிக் கையெழுத்திட்டுக் கலையும் குழு அந்த முகமாக முடியாது. அன்றாடம் பிள்ளையைப் பார்ப்பவர்கள்தான் முடியும்: அங்கன்வாடி ஊழியர், வகுப்பாசிரியர், சத்துணவுக்கூடத்து அம்மா, பட்டறை மேஸ்திரி.

இப்படி ஊரார் கையைச் சேர்த்துக்கொண்டு அரசு செய்த காரியத்துக்குக் கண்முன் சான்று, 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம். பணம் அரசுடையது, இடம் பள்ளியுடையது, பல இடங்களில் சமைப்பது அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பசியாறுவது போக, நாம் அதிகம் பேசாத ஒரு பலனும் இதில் உண்டு. காலையில் தட்டு வைக்கும் பெண்ணுக்கு எந்தப் பிள்ளை நான்கு நாளாக வரவில்லை என்பது தெரியும். அவர் அதே தெருக்காரர் என்பதால் காரணமும் பெரும்பாலும் தெரியும். ‘கண்காணிப்பு’ என்று பெயர் வைத்து ஒரு திட்டம் போட்டிருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். குடும்பத்துக்கு உதவ வந்தவரிடம் வீடு வாய் திறக்கும், விசாரிக்க வந்தவரிடம் திறக்காது.

விருத்தாசலத்தில் இந்தக் கண்ணி அறுந்திருப்பது பட்டறை வாசலில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017இன் மகப்பேறு நலத் திருத்தம் 50 பணியாளர் என்று எல்லை வகுத்தது. பத்துப் பேர் உட்கார்ந்து அச்சு ஊற்றும் பட்டறை இரண்டிலும் சிக்காது. பல பட்டறைகளைச் சேர்த்துப் பார்த்தால் தாய்மார்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள், தனித்தனியாக எண்ணினால் சட்டத்தின் கண்ணுக்கு யாருமே இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமோ 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத வேலைக்கு உதவலாம் என்று பின்கதவைத் திறந்து வைத்தது. காய்ந்த பொம்மையைச் சீவும்போது பறக்கும் தூளில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கும். பார்ப்பதற்கு என்னவோ ‘பொம்மை துடைக்கும்’ வேலைதான்.

வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பல நிறுவனங்கள் பணத்தைத் திரட்டி ஒரே காப்பகத்தை நடத்திக்கொள்ள இடம் தருகிறது. 2022 முதல் ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களும் உண்டு. கட்டட வேலைத் தளங்களில் இது நடக்கும் என்பதை மொபைல் கிரெஷஸ் அமைப்பு 1969இலேயே டெல்லியில் காட்டிவிட்டது. மீரா மகாதேவன் தொடங்கிய அந்த முயற்சியில் குழந்தையை எங்கோ கொண்டுபோய் விடவில்லை, அம்மா செங்கல் சுமக்கும் இடத்துக்கே தொட்டில் வந்தது. தனிச் சூளை கட்ட முடியாத சிறு பட்டறைக்காரர்கள் பொதுச் சூளையில் வேகவைத்துப் பிழைத்த விருத்தாசலம் தொழிற்பேட்டைக்குக் கூட்டுச் செலவு ஒன்றும் புதிதல்ல. நகராட்சி இடம் தரட்டும், பட்டறை உரிமையாளர்கள் மாதச் செலவில் பங்கு தரட்டும், சுயஉதவிக் குழு ஆள் தரட்டும். அங்கன்வாடி மூடும் நேரத்துக்கும் பட்டறை விடும் நேரத்துக்கும் நடுவே உள்ள சில மணி நேரத்தை முதலில் பிடித்தால் போதும்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது, ஊரை நம்பலாமா என்பது. ஊர் என்றால் சாதியும் செல்வாக்கும்தான், புகார் வந்தால் ‘பேசி முடித்துவிடலாம்’ என்பார்கள். மறுப்பதற்கில்லை, நடப்பதுதான். ஆகவே கூட்டு முயற்சிக்கு எல்லைக்கோடு முதலிலேயே வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம், மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். அந்தக் கூட்டின் வேலை பார்ப்பதும் சொல்வதும் உடன் நிற்பதும்தான். பஞ்சாயத்து பேசுவதற்கு அதற்கு அதிகாரம் இல்லை. இன்னொரு மறுப்பு, அரசு தன் கடமையைக் கூலியில்லாமல் பெண்கள் தலையில் இறக்கிவிடும் என்பது. அதுவும் நியாயமே. கூலி இல்லாத எந்தக் கூட்டும் இரண்டாம் வருடம் நிற்காது, காப்பகப் பெண்ணுக்குச் சம்பளம் எழுதாத திட்டத்தை ஆரம்பிக்கவே வேண்டாம். பணமே இல்லை என்பார்கள். மிஷன் வாத்சல்யாவில் கணவனை இழந்த தாயின் பிள்ளை போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. நகரில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 8,000. எண்ணிக்கைக் கூலியில் வாழும் வீடுகளில் யார் இதற்குத் தகுதி என்பது மாவட்ட அலுவலகத்தைவிட மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆள் இல்லாததுதான் குறை.

கூடிப் பேசுவதற்கு ஆடி மாதம் தோதானது. கொலு ஆர்டர் ஏறிய பிறகு கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.