கொம்பு வண்டு எல்லாம் செம்பனையின் எதிரியா?

மறுநடவு செய்த செம்பனைத் தோட்டத்தில், இளங்கன்றின் ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருந்தால், அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் வேலை. இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும் இவ்வண்டு, வளரும் முனையை எட்டிவிட்டால் கன்றே பட்டுப்போகும். அந்தக் கோபத்தில் கண்ணில் படும் கறுப்பு வண்டை எல்லாம் நசுக்கிவிடுகிறோம். அவற்றுள் நமக்கு உழைக்கும் வண்டுகளும் உண்டு.

ஒரே குடும்பம், பல தொழில்

காண்டாமிருக வண்டு 'ஸ்காரபெய்டே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறத்தாழ 30,000 இனங்கள் இதில் அடங்கும். உணர்கொம்பின் நுனி விசிறிபோல் விரிவதே இக்குடும்பத்தின் அடையாளம். சிறுவர்கள் தீப்பெட்டியில் வளர்க்கும் பொன்வண்டும், பனையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டும் இதில் சேரா.

இக்குடும்பத்தை அறிவியலாளர்கள் பல துணைக் குடும்பங்களாகப் பிரிக்கின்றனர். கொம்பு வண்டுகள் ஒரு பிரிவு. சாணி வண்டுகள் இன்னொன்று. பூக்களை நாடுபவை, இலை தின்பவை எனப் பிற பிரிவுகளும் உண்டு.

வெப்பமண்டலக் காடுகளில் இவற்றின் வகைகள் மிகுதி. தென் அமெரிக்காவில் ஹெர்குலிஸ் வண்டு, ஆப்பிரிக்காவில் கோலியாத் வண்டு, நம் வட்டாரத்தில் மூன்று கொம்புள்ள அட்லஸ் வண்டு என ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு 'பெரியவர்' இருக்கிறார்.

கன்றோடு கப்பலேறிய வண்டு

காண்டாமிருக வண்டுக்கு 1758இல் அறிவியல் பெயர் சூட்டியவர் லின்னேயஸ். இதன் தாயகம் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும். 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு பசிபிக் தீவான சமோவாவில் இறங்கி, அங்குள்ள தென்னைகளைச் சூறையாடியது. அதற்கு மருந்து கிடைத்தது நம் நாட்டில்! இவ்வண்டைத் தாக்கும் நச்சுயிரியை 1960களில் மலேசியாவில் கண்டறிந்தார் ஜெர்மானிய ஆய்வாளர் ஹியூகர். 1967இல் அது சமோவாவில் பரப்பப்பட, வண்டுகள் குறைந்தன. எனினும், 2007இல் குவாம் தீவில் நுழைந்த வண்டுகளுக்கு அந்த நச்சுயிரி சரியாக வேலை செய்யவில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

சாணி வண்டிலும் கொம்புள்ள கறுப்பு இனம் இங்கு உண்டு. ஆகவே, கொம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முதுகைப் பாருங்கள். இரு இறக்கை மூடிகளும் கழுத்துப் பக்கம் சேரும் இடத்தில் சிறு முக்கோணத் தகடு தெளிவாகத் தெரிந்து, உடலும் நீண்டிருந்தால் காண்டாமிருக வண்டு. அந்த முக்கோணம் தெரியாமல், உடல் குட்டையாக உருண்டிருந்தால் சாணி வண்டு. அதை விட்டுவிடுங்கள். மாட்டுச் சாணத்தை மண்ணுக்குள் புதைத்து உரமாக்குவதும், ஈக்கள் பெருகாமல் தடுப்பதும் அதன் வேலை.

காண்டாமிருக வண்டின் புழு வளர்வது மட்கிய செம்பனைத் தண்டிலும் எருக்குவியலிலும்தான். பழைய மரத்தைத் துண்டாக்கிப் பரப்பி, மூடுபயிர் படரவிட்டால் வண்டு முட்டையிட இடம் தேடுவது கடினமாகும். வீட்டுத் தென்னைக்கு அருகில் எருக்குவியல் வைத்திருப்போர் அதை அடிக்கடி கிளறி, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். பறக்கும் வண்டைத் துரத்துவதைவிடப் புழுவை ஒழிப்பதே எளிது.