நிலக்கரி இல்லாத ஊரின் நீராவி எந்திரம்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் கார்ன்வால். அங்கே மேய்ச்சல் நிலங்களிலும் கடலோரப் பாறைகளிலும் கூரையிழந்த கருங்கல் கட்டடங்கள் ஆங்காங்கே நிற்கும். ஒவ்வொன்றோடும் உயரமான ஒரு புகைபோக்கி. சுரங்கத்து நீரை இறைத்த எந்திரங்களுக்காகக் கட்டியவை அவை. ஏன் இவ்வளவு கனமான சுவர்? எந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முன்சுவரின் மேல்தான் ஏறி இறங்கியது. கட்டடமே எந்திரத்தின் ஓர் உறுப்பு.

வெண்கலக் காலத்திலிருந்தே இங்கு வெள்ளீயம் எடுத்திருக்கிறார்கள். முதலில் ஓடை மணலை அலசி எடுத்தார்கள். பிறகு பாறை வெடிப்புகளில் ஓடிய தாதுவைத் தொடர்ந்து கீழே இறங்கினார்கள். வெள்ளீயத்தோடு செம்பும் கிடைத்தது. ஆனால் இறங்க இறங்க ஊற்றுநீர். மலைச்சரிவில் வடிகால் குடைந்து ஓரளவு சமாளிக்கலாம். அந்த மட்டத்துக்கும் கீழே போனால் இறைத்தே தீர வேண்டும்.

இறைக்க நீராவி எந்திரம் வந்தது. அதற்குத் தீனி நிலக்கரி. கார்ன்வாலில் அது கிடையாது. தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். (இங்கிருந்து செம்புத் தாது உருக்குவதற்காக அங்குள்ள ஸ்வான்ஸீ துறைமுகத்துக்குப் போனது.) இந்தச் சுரங்கங்களின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பற்றாக்குறைதான். ஜேம்ஸ் வாட்டின் எந்திரம் பழைய நியூகோமன் எந்திரத்தைவிட மிகக் குறைந்த கரியில் ஓடியது. அப்படி மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்டனும் கட்டணமாகக் கேட்டார்கள். சுரங்கக்காரர்களுக்கு அது கசந்தது. சிலர் கொடுக்கவே மறுத்தார்கள். 1800இல் வாட்டின் காப்புரிமை முடிந்ததும் உள்ளூர்க்காரரான ரிச்சர்ட் டிரெவிதிக் உயர் அழுத்த நீராவியைக் கையிலெடுத்தார். 1811 முதல், எந்தச் சுரங்கத்து எந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்பதை மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டார்கள். பொறியாளர்களுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எந்திரங்கள் மேலும் மேலும் சிக்கனமாயின.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வட்டாரம் தந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நிலத்தின் மேலே பெண்களும் சிறுமிகளும் சுத்தியலால் தாதுவை உடைத்தார்கள். கடலுக்கடியில் நீண்ட லெவன்ட் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரம் 1919இல் முறிந்து 31 பேர் இறந்தார்கள்.

1866இல் செம்பு விலை சரிந்தது. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள்: ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா. சௌத் குரோஃப்டி சுரங்கம் 1998 வரை தாக்குப்பிடித்தது. 2006இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கப்பலேறியவர்களில் சிலர் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். 1880 முதல் அதை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம், டெவன், கார்ன்வால் சுரங்கங்களில் வளர்ந்த குடும்பத்துடையது. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள், ஆழத்தில் பாறையை உடைத்தவர்களில் ஏராளமானோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள்.