பைனுக்கு ஏங்க வேண்டாம், சவுக்கு இருக்கிறது!
வீட்டு வாசலிலேயே போன்சாய் நாற்று வளர்க்கலாம்

போன்சாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தட்டையான தொட்டியில் வளைந்து நிற்கும் பைன் மரம்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இணையத்தில் பைன் விதை வாங்கி முளைக்க வைக்க முயல்வோர் பெருகிவிட்டனர். சமவெளியிலும் கடலோரத்திலும் இருப்பவர்களுக்கு இதில் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. ஆனால், பைனைப் போலவே ஊசி ஊசியாகத் தழை விட்டு, சிறு கூம்பு போலக் காய்த்து, கடல் காற்றையும் மணலையும் தாங்கி நிற்கும் மரம் நம் வாசலிலேயே இருக்கிறது. அதுதான் சவுக்கு.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரியைச் சுற்றி லைட்ஹவுஸ்குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், தோணிரேவு, கோட்டைக்குப்பம் என ஏராளமான மீனவக் கிராமங்கள் உள்ளன. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டாலும், கடலில் புயல் சின்னம் தோன்றினாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளானாலும் இங்கே தொழில் நின்றுவிடும். அந்த நாள்களில் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய கைத்தொழில்களுக்கு இந்த ஊர்களில் எப்போதும் தேவை உண்டு. பனை ஓலைப் பொருள்கள் பின்னும் பெண்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வரிசையில் சவுக்கு நாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பைன் ஏன் இங்கே சரிவராது?

பைன் குளிர்நாட்டு, மலைநாட்டு மரம். தமிழகத்தில் அது செழித்திருப்பது கொடைக்கானல், நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில்தான். போன்சாய்க்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கறுப்பு பைன் விதையைச் சீராக முளைக்க வைக்க, ஈர மணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்து எடுப்பது வழக்கம். குளிர்காலம் கழிந்தது என்று விதை உணர்ந்தால்தான் முளைப்பு ஒழுங்காக வரும். அப்படி முளைத்த கன்றும் நம் கடலோர வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் தண்டின் அடி அழுகிச் சாய்ந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பிழைத்தாலும், குளிர் ஓய்வு கிடைக்காத மரம் ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீல நிற பைன், சிவப்பு பைன் என்று வண்ணப் படத்துடன் விற்கப்படும் பொட்டலங்களில் என்ன விதை இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்பதாக இருந்தால், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. புதிய நோயும் பூச்சியும் விதையோடு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த விதி. மலைப்பகுதியில் இருப்பவர்கள் பைனை முயலலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தப் பணத்தைச் செலவிடாமல் இருப்பதே லாபம்.

பைன் போலத் தெரியும், பைன் அல்ல

சவுக்குக்கும் பைனுக்கும் உறவில்லை. சவுக்கு பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்தது. ஊசி போலத் தெரிவது இலையும் அல்ல. கணுக்கணுவாகக் கழன்றுவரும் பசுமையான சிறு குச்சி. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பல் வரிசைபோலச் சுற்றி ஒட்டியிருக்கும். நீர் ஆவியாவதைக் குறைக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது. 1860-களில் சென்னை மாகாணக் கடலோரத்தில் ரயில் என்ஜின்களுக்கான விறகுக்காகப் பயிரிடப்பட்ட இந்த மரம், இன்று பந்தல் கால், சாரக் கட்டை, காகிதக் கூழ் என்று பல வழிகளில் பயன்படுகிறது.

போன்சாய் வளர்ப்போரிடம் சவுக்குக்குத் தனி மதிப்பு உண்டு. இந்தோனேசியா, தைவான் போன்ற வெப்பநாடுகளில் பைனுக்கு ஈடாகச் சவுக்கில் அழகிய போன்சாய் மரங்களை உருவாக்குகிறார்கள். வேகமாக வளர்வது, பட்டை சீக்கிரம் கரடுமுரடாகி முதிர்ந்த தோற்றம் தருவது, கம்பி சுற்றினால் வளைந்துகொடுப்பது ஆகிய மூன்றும் இதற்குக் காரணம்.

காய் பறிப்பதும் விதை எடுப்பதும்

தமிழகத்தில் சவுக்குக் காய்கள் ஆண்டில் இருமுறை, பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் முற்றுகின்றன. பச்சை நிறம் மாறிப் பழுப்பு படரத் தொடங்கியதும் பறித்துவிட வேண்டும். மரத்திலேயே வெடித்துவிட்ட காயில் விதை இருக்காது. வயது முதிர்ந்த, நோயில்லாத, அடிமரம் பருத்த மரமாகப் பார்த்துப் பறிப்பது நல்லது. தனியார் தோப்பில் வெட்டு நடக்கும்போது உரிமையாளரிடம் கேட்டால் காய்கள் எளிதில் கிடைக்கும். வனத்துறைத் தோப்பு என்றால் அனுமதி பெற்ற பிறகே பறிக்க வேண்டும்.

பறித்த காய்களை ஒரு துணியில் பரப்பி, மேலே இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்தி இளவெயிலில் காயவைக்க வேண்டும். இரண்டு, மூன்று நாளில் காயின் வாய்கள் பிளந்து, ஒற்றை இறகு கொண்ட வெளிர்பழுப்பு விதைகள் உதிரும். மேல்துணி இல்லாவிட்டால் கடல் காற்று விதையை அள்ளிச் சென்றுவிடும். எறும்பும் இந்த விதையை விடாது. காயவைக்கும் இடத்தைச் சுற்றிச் சாம்பல் தூவலாம். கட்டில் மீது பரப்பி, கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் வைப்பது இன்னும் பாதுகாப்பு.

ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் அடங்கும். எனவே வீட்டுத் தேவைக்கு இரண்டு கைப்பிடி காய் போதும். சவுக்கு விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரண அறையில் வைத்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் சரியும். உடனே விதைக்க முடியாவிட்டால் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத சிறு புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். புட்டியின் மேல் பறித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

முளைப்புச் சோதனை

விதைக்கும் முன் 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். சவுக்கில் பாதிக்குப் பாதி முளைத்தாலே நல்ல விதை என்று கொள்ளலாம். 40 முளைத்தால், 100 நாற்றுக்கு 250 விதை தேவை என்று கணக்கு. பைன்போலக் குளிர்ப் பக்குவமோ, வெந்நீர், அமில நேர்த்தியோ இதற்குத் தேவையில்லை.

மீன் பெட்டியே நாற்றங்கால்

மீனவக் கிராமங்களில் உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவையே நல்ல நாற்றுத் தட்டுகள். பெட்டியை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, உப்பும் மீன் வாடையும் போக வெயிலில் காயவையுங்கள். அடியில் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் இடுங்கள்.

சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு, மட்கிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு கலந்து, நான்கு விரல் உயரத்துக்கு நிரப்ப வேண்டும். கடற்கரை மணலை அப்படியே பயன்படுத்தக் கூடாது. வளர்ந்த சவுக்கு உப்பைத் தாங்கும். முளைக்கும் விதை தாங்காது. பழவேற்காடு பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், தண்ணீர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மழைநீரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துவது சிறந்தது. முளைத்து இரண்டு மாதம் வரையாவது குடிநீர்த் தரத்தில் உள்ள நீரையே தெளிக்க வேண்டும்.

விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும். பத்து மடங்கு மெல்லிய மணலோடு கலந்து சீராகத் தூவி, மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் சலியுங்கள். ஆழமாகப் புதைந்தால் முளை வெளியே வராது. நீரைப் பூவாளியால் ஊற்றாமல், கைத்தெளிப்பானால் பனிபோலத் தெளிக்கவும். முளைக்கும் வரை ஈரச் சாக்கு ஒன்றை மூடி வைக்கலாம். முதல் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் தொடங்கி மூன்று வாரம் வரை முளைப்பு தொடரும். கோழியும் ஆடும் அண்டாமலிருக்கப் பழைய வலையைச் சுற்றிக் கட்டினால் போதும்.

பருவமும் முக்கியம். ஜூன் காயை ஜூலை, ஆகஸ்ட்டில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் நாற்று தேறிவிடும். டிசம்பர் காயை ஜனவரியில் மழை ஓய்ந்ததும் விதைக்கலாம். அக்டோபர், நவம்பரில் திறந்தவெளியில் விதைத்தால், ஒரே மழையில் விதையெல்லாம் ஒதுங்கிவிடும்.

நாற்று அழுகலும் வேர் முடிச்சும்

நாற்றுகள் அடித்தண்டு கறுத்துக் கூட்டமாகச் சாய்ந்தால் அது நாற்று அழுகல் நோய். நெருக்கமாக விதைப்பதும், நீர் தேங்குவதும், காற்றோட்டம் இல்லாததுமே காரணம். சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி அகற்றி, நீரைக் குறைத்து, காலை வெயில் படும்படி வைக்கவும். விதைக்கும் முன்பே மண் கலவையில் டிரைகோடெர்மா விரிடி கலந்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

விரல் நீளம் வளர்ந்ததும், அதாவது ஐந்தாறு வாரத்தில், நாற்றைப் பைக்கு மாற்றலாம். மணல், செம்மண், மட்கிய எரு சமபங்கு போதும். அதோடு ஒரு கைப்பிடி, முதிர்ந்த சவுக்கு மரத்தின் அடிமண்ணையும் சேர்க்க மறக்க வேண்டாம். அந்த மண்ணில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் இருக்கும். அது சவுக்கு வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். முடிச்சு விழாத நாற்று வெளுத்துப்போய் நிற்கும். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் பிராங்கியா உயிர் உரத்தில் ஆய்வு செய்துவருகிறது.

போன்சாய்க்கென ஒதுக்கும் நாற்றில், இந்த முதல் மாற்றத்தின்போதே ஆணிவேரின் நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பக்கவேர்கள் பரவி, பின்னால் தட்டைத் தொட்டியில் அடங்கும்.

நாற்றிலிருந்து போன்சாய்

நேராகச் சின்னத் தொட்டியில் வைத்தால் தண்டு பருக்காது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் பெரிய தொட்டியிலோ வாளியிலோ தாராளமாக வளரவிடுங்கள். தண்டு வேண்டிய பருமனை எட்டிய பின் உயரத்தைக் குறைத்து, பக்கக் கிளைகளைத் தேர்ந்தெடுத்துக் கம்பி சுற்றலாம். வேகமாகப் பருக்கும் மரம் என்பதால், கம்பி பட்டையில் பதிகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். கிளையைக் குறைக்கும்போது சிறிது பச்சை இருக்கும்படி வெட்டவும். முற்றிலும் மொட்டையாக்கினால் அந்தக் கிளை காய்ந்துபோக வாய்ப்புண்டு. இளந்தளிரை அவ்வப்போது விரலால் கிள்ளிவந்தால் தழை அடர்த்தியாகும்.

சவுக்கு வறட்சி தாங்கும் என்பது நிலத்தில் நிற்கும் மரத்துக்குத்தான் பொருந்தும். ஆழமில்லாத தொட்டியில் ஒரு நாள் மண் காய்ந்தாலும் தழை பழுத்துவிடும். முழு வெயிலும் நாள் தவறாத நீரும் அவசியம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து மூன்று வாரத்துக்கு மேல் நொதிக்கவிட்ட மீன் அமிலத்தை, லிட்டர் நீருக்கு 5 மில்லி வீதம் மாதம் ஒருமுறை தெளிக்கலாம். பச்சை மீன் கழிவை நேரடியாகத் தொட்டியில் போட்டால் புழுவும் எறும்புமே மிஞ்சும்.

வருமானக் கணக்கு

போன்சாய் உடனடி வருமானம் தரும் தொழில் அல்ல. விதையிலிருந்து விற்கத்தக்க மரமாக நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். ஆனால் பையில் உள்ள இளம் நாற்றைச் சில மாதங்களிலேயே விற்கலாம். போன்சாய் பழகுவோர் இளம் நாற்றைத்தான் தேடி வாங்குகிறார்கள். எனவே முதலாண்டில் 50 நாற்றுக்கு மேல் வேண்டாம். பாதியை விற்றுவிட்டு, தண்டு வளைந்தும் அடிவேர் பரந்தும் உள்ள மீதியை வளர்த்துவாருங்கள். விதை நாற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் வரும் என்பது போன்சாய்க்குப் பலம். கழிக்காகத் தோப்பு போடும் விவசாயிக்கு அது பலவீனம். அவர்களுக்கு ஒரே சீராக வளரும் குளோன் நாற்றுகளே ஏற்றவை.

மிஞ்சிய நாற்றை எங்கு நடுவது என்பதிலும் கவனம் தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் சவுக்கு அரண்கள் நிறைய எழுந்தன. ஆனால் அலை தொடும் மணல்வரை சவுக்கை நட்டால், பங்குனி ஆமைகள் முட்டையிட இடமில்லாமல் போகும். ஏரியின் சேற்றுக் கரையோ அலையாத்தி மரங்களுக்கு உரியது. வீட்டு வேலி, வயல் வரப்பு ஆகியவையே மிச்ச நாற்றுக்கு ஏற்ற இடம்.

ஐந்து நினைவுக் குறிப்புகள்

* காய் பழுப்பேறத் தொடங்கும்போதே பறிக்கவும்.
* சோதித்த பின்பே விதைக்கவும்.
* உவர்நீரும் கடல் மணலும் நாற்றுக்கு ஆகாது.
* மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேர்க்கவும்.
* தண்டு பருக்கும் வரை சிறு தொட்டிக்கு மாற்ற வேண்டாம்.

நாற்றங்கால் பயிற்சியும் உயிர் உரங்களும் பெற, திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். வரும் ஜூனில் காய் பறிக்க, இப்போதே நல்ல மரம் ஒன்றைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.