குளவியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?

எங்கள் மையத்திற்குப் படிக்க வரும் ஓர் அக்காவின் வீட்டில் ஒருநாள் சண்டை. காரணம் ஒரு குளவிக் கூடு.

கொல்லைக் கதவின் நிலைக்கு மேலே மண்ணால் கட்டிய கூடு. அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் அதை இடிக்கப் போனார். மாமியார் ஓடிவந்து தடுத்தார்.

"என் மகள் மாசமாக இருக்கிறாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும். அதைப் போய் இடிப்பாயா?"

"என் பிள்ளையைக் கொட்டினால் யார் பார்ப்பது அத்தை?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீ படித்த பிள்ளை. நீயே சொல்லம்மா" என்றார் பாட்டி. எனக்கும் தெரியாது. "பத்து நாள் பொறுங்கள். பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

அன்றிலிருந்து அக்காவின் கைப்பேசியில் குளவியைப் படம் எடுத்தோம்.

கறுப்பு உடல். அங்கங்கே மஞ்சள். நூல் போல மெல்லிய இடுப்பு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதுதான் மண் குளவி. இந்தியா முழுவதும் உண்டு. இதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரிலேயே சென்னை இருக்கிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபேப்ரிசியஸ் 1781-ல் அதற்கு மதராசப்பட்டினத்தின் பெயரை வைத்தார்.

கூடு கட்டுவது பெண் குளவிதான். அடிபம்பின் ஓரம் ஈரமண்ணில் வந்து உட்காரும். மண்ணைச் சிறு உருண்டையாக்கி வாயில் கவ்விப் பறக்கும். கூட்டில் வைத்துப் பூசும்போது "ங்ங்" என்று ஒரு சத்தம் வரும். அது கோபம் இல்லை. உடலை அதிரவைத்து மண்ணைப் பூசுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அக்கா பயந்திருக்கிறார்.

ஒரு நாளில் எத்தனை நடை! நாங்கள் எண்ண முயன்று விட்டுவிட்டோம். விரல் அளவில் ஓர் அறை முடிந்ததும் மண் எடுப்பது நின்றது. இப்போது வாயில் வேறு ஏதோ கொண்டுவந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சிலந்தி!

ஒன்றன்பின் ஒன்றாகச் சிலந்திகளை அறைக்குள் திணித்தது. பிறகு வாயை மண்ணால் அடைத்தது. பக்கத்திலேயே அடுத்த அறை.

மாட்டுக் கொட்டகையில் இப்படி ஒரு பழைய கூடு பெயர்ந்து விழுந்து கிடந்தது. ஓர் அறையைப் பிரித்தோம். உள்ளே ஏழு சிலந்திகள். எதுவும் அழுகவில்லை. ஒன்றைக் குச்சியால் தொட்டேன். கால் லேசாக அசைந்தது. அவை சாகவில்லை. குளவி கொட்டியதால் அசைய முடியாமல் கிடந்தன. செத்தால் கெட்டுப்போகும் அல்லவா? குளவி தன் பிள்ளைக்குக் கெடாத சாப்பாடு கட்டி வைக்கிறது. சிலந்தியின் மேல் ஒரு முட்டையும் இடுகிறது. அந்த முட்டையிலிருந்து கால் இல்லாத வெள்ளைப் புழு வரும். அது சிலந்திகளைத் தின்று வளரும். கூட்டுப்புழுவாகும். பிறகு குளவியாகி மண்ணைத் துளைத்து வெளியே வரும்.

பாட்டி விடவில்லை. "குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவி ஆகும் என்பார்களே, அது பொய்யா?"

சொன்னவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். குளவி புழுவைக் கொண்டுபோவதைப் பார்த்தார்கள். பானை போலக் கூடு கட்டும் குளவி ஒன்று உண்டு. அது சிலந்தியை எடுக்காது, பச்சைப் புழுவைத்தான் எடுத்துப்போகும். சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருவதையும் பார்த்தார்கள். நடுவில் உள்ள முட்டையை மட்டும் பார்க்கவில்லை. வடமொழியிலும் இதே கதை உண்டு. ஆக, நாடு முழுவதும் இப்படித்தான் நம்பியிருக்கிறார்கள்.

சரி, மண் குளவி கொட்டுமா? கையால் பிடித்தால், அழுத்தினால் கொட்டும். மற்றபடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். கூட்டைக் காக்க நம்மைத் துரத்தி வராது. அது தனியாக வாழும் குளவி. நாங்கள் ஒரு முழம் தள்ளி நின்று படம் எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

இப்படி எல்லாக் குளவியின் கிட்டேயும் போகலாமா? கூடாது. இங்கேதான் கவனம் வேண்டும்.

அதே வீட்டின் தாழ்வாரத்தில் இன்னொரு கூடு தொங்கியது. அது மண் இல்லை. காகிதம் போல இருந்தது. மேலே மூடி இல்லை, அறைகள் வெளியே தெரிந்தன. மரத்தைச் சுரண்டி, எச்சிலில் மென்று இந்தக் காகிதத்தைக் குளவிகளே செய்கின்றன. இவை கூட்டமாக வாழ்பவை. கூட்டைத் தொட்டால் சேர்ந்து கொட்டும்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே ராகவேந்திர கடக்கர் என்ற விஞ்ஞானி இந்த வகைக் குளவி ஒன்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து அடையாளம் கண்டார். முட்டையிடும் ராணி அங்கே சாதுவாக இருப்பதைக் கண்டார். ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று உடனே முரட்டுத்தனம் காட்டுகிறது. சில நாளில் அதுவே ராணியாகி முட்டையிடுகிறது. பிறகு அதுவும் சாதுவாகிவிடுகிறது! "மாமியார் பதவி மாதிரி" என்றார் அக்கா. பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை அந்தக் காகிதக் கூட்டுக்கு ஒரு பெரிய குளவி வந்தது. ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். உடல் கறுப்பு. வயிற்றின் குறுக்கே அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. சின்னக் குளவிகள் எதிர்க்கவில்லை. கூட்டை விட்டு ஒதுங்கிவிட்டன. பெரியது அறை அறையாகத் தலையை விட்டுப் புழுக்களை இழுத்தது.

அதுதான் கதண்டு. கடந்தை, கதம்ப வண்டு என்றும் சொல்வார்கள். இரை தேடி வந்த கதண்டு நம்மைக் கண்டுகொள்ளாது. அதனால் வீட்டுக்குள் நின்று, ஜன்னல் வழியாகப் படம் எடுத்தோம். ஆனால் அதன் கூட்டுக்கு அருகில் போகக் கூடாது. கைப்பேசியை நீட்டிக்கொண்டு போகவே கூடாது. நம் மூச்சுக் காற்றும் அதிர்வும் பட்டாலே போதும், கூட்டமாகப் பறந்து வரும். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலில் தங்கிவிடும். கதண்டு அப்படியல்ல. ஒன்றே பலமுறை கொட்டும். கூட்டின் அருகே ஒன்றை நசுக்கினால் அதன் வாசனை மற்றவற்றையும் அழைத்துவிடும்.

எங்கள் பக்கத்து ஊரில் இப்படி நடந்தது. பனைமரத்தில் இருந்த கதண்டுக் கூட்டைச் சில இளைஞர்கள் தீப்பந்தத்தால் கொளுத்தினார்கள். எரியாமல் தப்பியவை கீழே வந்தன. அந்தப் பக்கம் ஆடு மேய்த்த பெரியவரைச் சூழ்ந்துகொண்டன. அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டிலேயே படுத்தார். "வலி குறைந்துவிட்டது" என்றார். இரண்டாம் நாள் சிறுநீர் கறுத்து, அளவும் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தது. பல நாள் இயந்திரம் வைத்து ரத்தம் சுத்தம் செய்த பிறகுதான் பிழைத்தார்.

அதனால் பல இடங்களில் கொட்டினால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே கொட்டு என்றாலும், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், உடம்பெல்லாம் தடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அவர்களுக்கு உடனே ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாதாரண ஒரு கொட்டுக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்தால் போதும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

ஆள் நடமாடும் இடத்தில் கதண்டுக் கூடு இருந்தால் கல்லெறியாதீர்கள், தீ வைக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்திற்கு 101 அல்லது 112-ல் சொல்லுங்கள்.

நான் கேட்ட பத்து நாள் முடிந்தது. "இந்த மண்கூடு இருக்கட்டும் அக்கா, சிலந்தி குறையும்" என்றேன். தாழ்வாரத்துக் கூட்டைக் கதண்டே காலி செய்துவிட்டது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் அக்கா மையத்திற்குள் ஓடிவந்து கைப்பேசியை நீட்டினார். மண்கூட்டில் வட்டமாக ஒரு துளை. அதிலிருந்து கறுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. படம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. அக்காவே தனியாக எடுத்தது. படத்தின் கீழே தேதியையும் நேரத்தையும் எழுத்துக் கூட்டி அவரே எழுதியிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. "பார்த்தாயா, கூடு கட்டியதால்தான்" என்றார் பாட்டி. கூடு கட்டும்போதே அந்த அக்காவுக்கு எட்டு மாதம். நான் ஒன்றும் சொல்லாமல் சர்க்கரை வாங்கித் தின்றேன்.