டச்சு மொழியின் இலக்கணப் பாலும் இருமொழிக் குழந்தைகளும்

தமிழில் பால் பொருளின் இயல்பு பற்றியது. தொல்காப்பியத்தின் திணை, பால் பகுப்பும் அதன்மேலேயே நிற்கிறது. டச்சு மொழியிலோ அது பெரிதும் சொல்லுக்கே உரியது. மேசையைக் குறிக்கும் ‘டாஃபெல்’ பொதுப்பால். நூலைக் குறிக்கும் ‘புக்’ நடுப்பால். சிறுமியைக் குறிக்கும் ‘மெய்ஷெ’ என்பதும் நடுப்பாலே. குறுமை விகுதி ஏற்ற பெயர்கள் யாவும் அவ்வாறே அமையும். பொதுப்பாற் பெயர் ‘டெ’ என்னும் நிச்சயச் சுட்டையும், நடுப்பாற் பெயர் ‘ஹெட்’ என்பதையும் முன்னே கொள்ளும்.

இவ்வேறுபாடு குழந்தையின் செவிக்கு எளிதில் புலப்படுவதன்று. பன்மையில் இருபாற் பெயர்களும் ‘டெ’ என்பதையே ஏற்கின்றன. நிச்சயமிலாச் சுட்டாகிய ‘அன்’ இரண்டற்கும் பொது. பெயர்களுள் பெரும்பாலானவை பொதுப்பாலைச் சார்ந்தவை. குறுமை விகுதி போன்ற சிலவற்றை ஒழித்தால், சொல்லின் வடிவு பாலைக் காட்டுவதும் அரிது. ஆகவே டச்சு மட்டுமே பேசும் குழந்தைகளும் ‘ஹெட் புக்’ என வேண்டிய இடத்தில் ‘டெ புக்’ என்று நெடுநாள் வழங்குகின்றனர். ஆறு வயதளவிலும் இப்பிழை முற்றிலும் நீங்குவதில்லை. இருமொழிக் குழந்தைகளிடம் அது மேலும் நீடிக்கிறது.

இதனை வீட்டுமொழியின் குறுக்கீடு என்று கொள்வது எளிது. துருக்கி மொழியில் இலக்கணப் பால் இல்லை. எனவே அம்மொழி பேசும் வீட்டுக் குழந்தை தடுமாறுகிறது என்பர். ஆயின் ஷாரன் அன்ஸ்வொர்த்தும் உடனாய்வாளர்களும் செய்த ஒப்பாய்வு இவ்விளக்கத்தின் போதாமையைக் காட்டுகிறது. ஆங்கிலத்தோடு டச்சு கற்கும் குழந்தைகளையும், ஆங்கிலத்தோடு கிரேக்கம் கற்கும் குழந்தைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஆங்கிலம் இருசாரார்க்கும் பொது. எனினும் கிரேக்கப் பால் விரைந்து கைவருகிறது. மூன்று பாலுடைய கிரேக்கத்தில் பெயரீறு பெரும்பாலும் பாலை உணர்த்திவிடுகிறது. டச்சு மொழியில் அத்துணை இன்மையால், ஒவ்வொரு பெயரையும் பன்முறை கேட்டே பாலை அறிய வேண்டும். கேட்கும் அளவு நாள் முழுதும் இரு மொழிகளுக்கும் பங்கிடப்படும்போது காலம் நீள்வது இயல்பே.

பெயரடையைச் சேர்த்து நோக்கினால் மற்றொன்று விளங்கும். ‘அழகிய நூல் ஒன்று’ என்பதை ‘அன் மோய் புக்’ எனல் மரபு. பொதுப்பாற் பெயராயின் அடை ‘மோயெ’ என்றாகும். ‘டெ புக்’ எனும் குழந்தை ‘அன் மோயெ புக்’ என்றும் கூறின், இரு பிழைகள் எனக் கணக்கிடுதல் பொருந்தாது. பெயரின் பாலைப் பிறழ உணர்ந்தபின் இயைபு விதி செவ்வனே செயற்பட்டதாகவும் இருக்கலாம். மாறாக, ‘ஹெட் புக்’ என்று திருத்தமாகக் கூறும் குழந்தையே ‘அன் மோயெ புக்’ என்னுமாயின், குறை இயைபின்கண் உள்ளது. பள்ளி மதிப்பீடுகள் பிழைகளின் தொகையை மட்டும் நோக்குமாயின், இவ்விரு குழந்தைகளும் ஒரே நிரலில் வைக்கப்படுவர். முன்னவரே தாழ்ந்த மதிப்பெண் பெறவும் கூடும்.