மருத்துவமனைப் பதிவேட்டுப் பணி: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளும்

மருத்துவப் பதிவேட்டுப் பணி என்பது நோயாளியின் கேஸ் ஷீட், விபத்துப் பதிவேடு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை முழுமையாகவும் ஒன்றோடொன்று முரண்படாமலும் இருக்கின்றனவா எனச் சரிபார்த்து, நோய்க்கு உரிய குறியீட்டை இட்டு, பாதுகாத்து, கேட்கும்போது எடுத்துத் தரும் பணியாகும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென மருத்துவப் பதிவேடுகள் துறை உண்டு. பேச்சு வழக்கில் அது எம்.ஆர்.டி. எனப்படும். சிறிய மருத்துவமனைகளில் செவிலியரும் கணினிப் பதிவாளரும் மற்ற வேலைகளுக்கு நடுவே இதையும் பார்த்துக்கொள்வதே வழக்கம். அமெரிக்காவில் இதன் ஒரு பகுதி தனித் தொழிலாகப் பிரிந்து, தனித் தேர்வும் சான்றிதழும் பெற்றுள்ளது. இந்தியாவில் அப்படிப் பிரியவில்லை.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வழியில் உள்ள மலையடி ஊர். இங்கே ஒரு கேஸ் ஷீட்டில் விடுபடும் ஒரு வரி, இழப்பீட்டையும் காப்பீட்டையும் சில வேளைகளில் சிகிச்சையையுமே பாதிக்கக்கூடியது.

மலையும் எல்லையும்

போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அதிகாலையில் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் இறங்குகின்றனர். மலைப்பாதையில் ஜீப் விபத்து, நிழல்மரம் கழிக்கும்போது கீழே விழுதல், பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, மழைக்காலக் காய்ச்சல் ஆகியவை இவ்வேலையோடு வருபவை.

காயம் படுவது கேரளத்தில்; முதலுதவி சில வேளை நெடுங்கண்டம் போன்ற கேரள ஊரில்; தொடர் சிகிச்சை போடியிலோ, தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ. காவல் நிலையம் ஒரு மாநிலத்தில், மருத்துவமனை இன்னொரு மாநிலத்தில். இவற்றை இணைப்பது நோயாளி கையில் உள்ள தாள் மட்டுமே. அந்தத் தாளில் பெயர் மலையாள உச்சரிப்பில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் தலைப்பெழுத்தோடு வேறுவிதமாகவும் இருந்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என மெய்ப்பிக்கும் சுமை நோயாளி மேல் விழுகிறது.

விபத்துப் பதிவேடு

விபத்து, தாக்குதல், நஞ்சு ஆகிய காரணங்களால் வருவோருக்கு அவசரப் பிரிவில் முதலில் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு. இதன் நகல் ‘ஏ.ஆர். காப்பி’ எனப் பரவலாக அறியப்படுகிறது. வந்த நாள், நேரம், அழைத்து வந்தவர், காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்ற கூற்று, காயங்களின் அளவு, அங்க அடையாளங்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்த விவரம் ஆகியவை இதில் இருக்க வேண்டும்.

இவற்றுள் சிக்கலானது ‘எப்படி ஏற்பட்டது’ என்ற வரி. நினைவிழந்த தொழிலாளிக்காக உடன் வந்தவர் பேசுகிறார். வந்தவர் கங்காணியாகவோ ஜீப் ஓட்டுநராகவோ இருந்தால், ‘வழியில் தவறி விழுந்தார்’ என்று மட்டும் சொல்ல வாய்ப்புண்டு. அதை மருத்துவர் அப்படியே எழுதிவிட்டால், வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்குச் சட்டப்படி இழப்பீட்டு உரிமை கோருவது கடினமாகிவிடும். அதனால்தான் கூற்றை எழுதும்போது சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நோயாளி நினைவு திரும்பிய பிறகு சொல்வதையும் நாள், நேரத்துடன் தனியாகப் பதிய வேண்டும். முதலில் எழுதியதை அடிக்கக் கூடாது. அடித்தல் திருத்தல் உள்ள ஏடு நீதிமன்றத்தில் இரு தரப்புக்கும் உதவாது.

வாகன விபத்தானால் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் தர வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதியிலும் தரலாம். பூப்பாறையில் கவிழ்ந்த ஜீப்பில் காயம்பட்ட போடிப் பெண் தேனி மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இயலும். அப்போது கேரளக் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும் தமிழ்நாட்டு மருத்துவமனையின் ஏடும் நாள், நேரம், இடம் ஆகியவற்றில் ஒத்துப்போக வேண்டும்.

நோய்ப் பெயரும் குறியீடும்

உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு (ஐ.சி.டி.-10) இந்திய மருத்துவமனைகளில் பயன்படுகிறது. பதினோராம் பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேஸ் ஷீட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருந்தால் பதிவேட்டுப் பணியாளர் இடக்கூடியது R50.9, அதாவது காரணம் குறிக்கப்படாத காய்ச்சல். அதே நோயாளிக்கு உடலில் கருகிய புண் கண்டு, இரத்தப் பரிசோதனையில் உறுதியாகி, ஸ்க்ரப் டைஃபஸ் மருந்து தரப்பட்டிருந்தால் உரிய குறியீடு A75.3. சிகிச்சை சரியாகவே நடந்திருக்கிறது. இறுதி நோயறிதல் வரியில் மட்டும் அது ஏறவில்லை. விளைவு, மலைச்சரிவில் உண்ணியினப் பூச்சியால் பரவும் ஒரு நோய் மாவட்டக் கணக்கில் வெறும் காய்ச்சலாக நிற்கும்.

குறியீட்டைப் பணியாளர் தாமாக மாற்றக் கூடாது. ஆய்வக முடிவைப் பார்த்து நோயை ஊகிப்பது அவர் வேலையல்ல. மருத்துவரிடம் கேட்டு எழுத வைப்பதே வேலை.

பாம்புக்கடியிலும் இதே நிலை. கடித்த நேரம், 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையின் முடிவு, தரப்பட்ட நஞ்சுமுறி மருந்தின் குப்பிகள் ஆகியவை எழுதப்படாவிட்டால் அடுத்த மருத்துவமனை முதலிலிருந்து தொடங்க நேரிடும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்ததால், இந்தப் பதிவு இப்போது சட்டக் கடமையும் ஆகிறது.

தீக்காயத்தில் நேரம் இன்னும் முக்கியம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக்காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீட்கப்பட்டவர்கள் போடி அரசு மருத்துவமனைக்கும், பின்னர் தேனி, மதுரை மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தீக்காயத்துக்கான வழக்கமான கணக்கில், முதல் 24 மணி நேரத்துக்குரிய நரம்புவழித் திரவத்தின் பாதியை முதல் 8 மணி நேரத்தில் தர வேண்டும். அந்த 8 மணி நேரம் எண்ணப்படுவது தீப்பட்ட நேரத்திலிருந்து. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மலையிலிருந்து இறக்கவே பல மணி நேரம் ஆகும் இடத்தில், பரிந்துரைச் சீட்டில் தீப்பட்ட நேரமும் அதுவரை ஏற்றிய திரவத்தின் அளவும் இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் கணக்கிட முடியாது.

பயிற்சியும் சான்றிதழும்

இத்துறையில் நடுவண் சுகாதாரப் புலனாய்வுப் பணியகம் இரு பயிற்சிகளை நடத்தி வந்துள்ளது: மருத்துவப் பதிவு அலுவலருக்கு ஓராண்டு, மருத்துவப் பதிவுத் தொழில்நுட்பருக்கு ஆறு மாதம். புதுதில்லி சப்தர்சங் மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இவற்றின் பயிற்சி மையங்கள். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் மருத்துவப் பதிவு அறிவியலில் பி.எஸ்ஸி. பட்டம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்துறைப் பயிற்சிக்கு அறியப்பட்ட இடம்.

2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் பத்து வகைத் தொழில்களை வரையறுத்தது. கடைசி வகை நலவாழ்வுத் தகவல் மேலாண்மை. மருத்துவப் பதிவு ஆய்வாளர், மருத்துவக் குறியீட்டாளர் ஆகியோர் இதில் அடங்குவர். துணை மருத்துவத் தொழிலராக அமையக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு தேவை என்கிறது இச்சட்டம். ஆறு மாதச் சான்றிதழ் அந்த அளவை எட்டாது. வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனையும், ஊரில் விளம்பரம் பார்த்துக் குறுகிய படிப்பில் சேர விரும்புவோரும் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே.

தமிழ்நாட்டு நகரங்களில் ‘மெடிக்கல் கோடிங்’ என விளம்பரப்படுத்தப்படும் பயிற்சி வேறு. அது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்குக் குறியீடு இடும் வேலைக்கானது, அதற்கு ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு தரும் சி.பி.சி. சான்றிதழ் மதிப்புடையது. உள்ளூர் விபத்துப் பதிவேட்டையோ மரணச் சான்றையோ அது கற்பிப்பதில்லை.

அமெரிக்காவில் 1983 முதல் மூத்தோர் காப்பீடான மெடிகேர், நோயறிதல் தொகுதிக்கு இவ்வளவு என மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. எழுதப்பட்ட நோய்ப் பெயரே வருமானத்தை முடிவு செய்ததால், நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஏட்டைப் படித்து மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் மருத்துவ ஆவண வல்லுநர் பணி வளர்ந்தது. பெரும்பாலும் அனுபவமுள்ள செவிலியரே இதற்கு எடுக்கப்படுகின்றனர். இவர்களுக்கான ஏ.சி.டி.ஐ.எஸ். சங்கம் 2007-இல் அமைந்தது; அதன் சி.சி.டி.எஸ். தேர்வுக்குப் பணி அனுபவம் முன்தேவை. விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பது இத்தொழிலின் முக்கிய நெறி. ‘இது ஸ்க்ரப் டைஃபஸ்தானே?’ எனக் கேட்பது தவறு. ‘ஆய்வக முடிவு இவ்வாறு உள்ளது, இக்காய்ச்சலின் காரணத்தைக் குறிப்பிட இயலுமா?’ என்பது சரி.

பணியமர்த்தல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான நிரந்தர மருத்துவப் பணியிடங்களை 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. கணினிப் பதிவாளர் போன்ற இடங்கள் பல மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாகத் தொகுப்பூதியத்தில் நிரப்பப்படுகின்றன. தட்டச்சு வேகம் தெரிந்தவர் கிடைத்துவிடுகிறார். கேஸ் ஷீட்டைப் படித்து ஐயம் எழுப்பத் தெரிந்தவர் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதிக்கும் கோரிக்கைக்கும் ஆவணங்கள் அனுப்பப்படுவதால், இந்த இடைவெளி பணமாகவும் வெளிப்படுகிறது.

போடி போன்ற ஊரில் பணிக்கு எடுப்போருக்குப் பெயர் மறைத்த ஒரு பழைய கேஸ் ஷீட்டைக் கொடுத்து விடுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்வது, சான்றிதழைப் பார்ப்பதைவிடப் பயனுள்ள தேர்வு. மலையாளப் பெயர்களையும் கேரள மருத்துவச் சீட்டுகளையும் படிக்கத் தெரிவது இங்கே கூடுதல் தகுதி.

நகல் பெறுதல்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளி ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சட்டம் சார்ந்த ஏடுகளை வழக்கு முடியும்வரை வைத்திருப்பது நடைமுறை. உள்நோயாளி எண் தெரிந்தால் ஏட்டைத் தேடுவது எளிது. அது தொலைந்திருந்தால், சேர்க்கப்பட்ட நாளும், அன்று அனுமதிச் சீட்டில் எழுதப்பட்ட அதே எழுத்துக்கூட்டலில் பெயரும் தர வேண்டியிருக்கும்.